ரெண்டு நாளில் ரெண்டு கிலோ: ஏறியது கொழுப்பா, தண்ணியா?

கேள்வி: ரெண்டு மாசமாக நாலு இட்லியை ரெண்டாக்கி, சாயங்காலம் நடந்து, 74 கிலோவிலிருந்து 70.6-க்கு வந்தேன். கல்லிடைக்குறிச்சியில் அக்கா மகள் கல்யாணம், மறுநாள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. வீட்டுக்கு வந்து மெஷினில் ஏறினால் 72.4! பட்ட பாடெல்லாம் வீணா? ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிடலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: விட வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர, உடம்பின் செலவு போக சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 1.8 கிலோவுக்கு ஏறக்குறைய 14,000. இலையில் எத்தனை தடவை சொதி ஊற்றியிருந்தாலும் ரெண்டு நாளில் அது நடக்காது. தேங்காய்ப்பாலும் நெய்யும் சும்மா போய்விடாதுதான். 2,000 கலோரி கூடுதலாகப் போயிருந்தால் கால் கிலோ ஏறியிருக்கும்.

மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். சோறும் பாயசமும் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகத் தங்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் இட்லியைக் குறைத்திருந்ததால் அந்த இருப்பு இறங்கிக் கிடந்தது. இப்போது 200 கிராம் நிரம்பினாலே தண்ணீரோடு 800 கிராம் ஆகிவிடும். அடுத்தது உப்பு. அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய் என்று ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், கூடுதலாகப் போனால் அரை லிட்டர் தண்ணீர் உடம்பில் நிற்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற ஓரிரு நாள் எடுக்கும். இது போகக் குடலில் இன்னும் கழியாமல் கிடப்பதற்கும் எடை உண்டு.

மறுநாளிலிருந்து வழக்கமான அளவுக்குத் திரும்புங்கள், அது போதும். நாலு நாள் அப்பளம், மோர்மிளகாய், கருவாடு வேண்டாம். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். பட்டினி கிடந்தால் கிளைக்கோஜனும் தண்ணீரும் சேர்ந்து இறங்கி, மெஷின் குறைத்துக் காட்டும். பசி தாங்காமல் மூணாம் நாள் ஏழு தோசை சாப்பிட்டதும் பழைய எண்ணே திரும்ப வரும். பட்டினியால் பலன் கிடைத்தது என்று நம்பி அதையே மறுபடி மறுபடி செய்கிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் மடமடவென்று இறங்குவதிலும் பாதிக்கு மேல் இதே தண்ணீர்தான். அப்போது மட்டும் யாரும் எங்களுக்குக் கேள்வி எழுதுவதில்லை!

கேள்வி: காலையில் வீட்டு மெஷினில் 68.9, ராத்திரி மருந்துக்கடை மெஷினில் 70.5. எதை நம்ப?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ரெண்டுமே சரியாக இருக்கலாம். பகலில் சாப்பிட்டது, குடித்தது, பேன்ட், பெல்ட், பையில் கிடக்கும் போன் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை கிலோ பெரிய விஷயமில்லை. ஒரே மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கக்கூஸ் போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே கைலியோடு ஏறுங்கள். மெஷின் சமமான கல்தரையில் இருக்க வேண்டும். பத்தமடைப் பாயே ஆனாலும் அதன் மேல் வைத்தால் தப்பாகத்தான் காட்டும். சோதித்துப் பார்க்க, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையோடு ஒரு தடவையும் பை இல்லாமல் ஒரு தடவையும் ஏறுங்கள். வித்தியாசம் 5-ஐ ஒட்டி வராவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் மெஷினையே மாற்றுங்கள்.

தினமும் வருவதை எழுதி, ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுங்கள். போன வாரச் சராசரியைவிட இந்த வாரச் சராசரி 300 முதல் 500 கிராம் குறைந்தால் நன்றாகவே இறங்குகிறீர்கள். நடுவில் ஒரு நாள் 800 கிராம் எகிறினால் அதை எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: மாசம் தவறாமல் ஒரு வாரம் மட்டும் ஒரு கிலோ கூடுகிறது. டயட் சரியில்லையா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: அது மாதவிலக்குக்கு முந்தின வாரமா என்று பாருங்கள். ஹார்மோன் மாற்றத்தால் தண்ணீர் தேங்கும், சிலருக்கு மலச்சிக்கலும் சேரும். தீட்டு வந்த சில நாளில் இறங்கிவிடும். அந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாசத்து அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயசு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூணு நாளில் 2 கிலோ கூடி, கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. சோற்றைக் குறைக்கச் சொல்லவா?
– வாசகர், தென்காசி

பதில்: இதில் டயட் பேச்சே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்துங்கள். எடுத்த பிறகும் குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது. இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அம்லோடிபின், பயோகிளிட்டசோன் போன்ற மாத்திரைகளாலும் கால் வீங்கும். குழி நிற்காவிட்டாலும் இவ்வளவு வேகமாக ஏறினால் இன்றே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, ரெண்டு தலையணை கேட்கிறார் என்றால் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும், மூணு நாள் எடை எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.