பாட்டி யார் பக்கம்?

கேள்வி: 2015-இல் வந்த துருக்கிப் படம் 'முஸ்டாங்' பார்த்தேன். அந்தப் பாட்டி நல்லவளா, கெட்டவளா?

பதில்: இரண்டும்தான். பையன்களோடு கடலில் விளையாடினார்கள் என்று பேத்திகள் ஐந்து பேரையும் அடிக்கிறவள், அப்புறம் சமையல், தையல், பெண் பார்க்கும் படலம் என்று வீட்டையே மாற்றிவிடுகிறாள். பேத்திகள் ஃபுட்பால் மேட்சுக்கு ஓடிப்போனது டிவியில் தெரிந்துவிடக் கூடாதென்று ஊர் கரண்டையே போக்குகிறவர்களும் அதே வீட்டுப் பெரிய பெண்கள்தான் (அங்கே மட்டும் சிரித்தேன்). ஆனால் மகன் எரோல் ராத்திரியில் பேத்தியிடம் போவது தெரிந்த பிறகும், அவனைத் துரத்தாமல் அவளுக்கு மாப்பிள்ளை தேடுகிறாளே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதுகாப்பு என்று அவள் நினைத்திருக்கலாம். சரி, கடைக்குட்டி லாலே நம்பவில்லை. அவள் லாரிக்காரர் ஒருவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.