மாதா சபைக்கு ஒரு நாள் தியானம்: வாசகியர் கேட்கிறார்கள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் நெருங்கும்போது, கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளின் மாதா சபைகளிலிருந்து, அதாவது கோவில் பெண்கள் சபைகளிலிருந்து, எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் தியானத்தைப் பற்றியவை. தியானம் என்பது ஒரு நாள் ஒன்றுகூடி மௌனத்திலும் செபத்திலும் இருப்பது. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் மாதா சபையில் 40 பேர் பெயர் கொடுக்கிறார்கள். தியானத்தன்று வருவது 15 பேர். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வைக்கிறோம். பக்தி குறைந்துவிட்டதா?
*ஒரு வாசகி, தங்கச்சிமடம்*

பக்தி குறையவில்லை, சகோதரி. நாள்தான் சரியில்லை. ராமேசுவரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை பிடிக்கின்றன. அப்படியானால் ஞாயிறு காலை என்பது படகு வரும் காலை. மீன் தரம் பிரிப்பவர், ஏலத்தில் எடுத்துக் கூடையில் விற்பவர், கருவாட்டுக்கு உப்புப் போடுபவர் எல்லாருக்கும் அன்றுதான் கை நிறைய வேலை. திருப்பலிக்கு ஒரு மணி நேரம் ஓடி வருவார்கள். ஏழு மணி நேரம் உட்காரச் சொன்னால் எப்படி முடியும்?

விசைப்படகு வீடுகள் அதிகமுள்ள பங்கில் வெள்ளிக்கிழமை வையுங்கள். அன்று படகு போவதும் இல்லை, வருவதும் இல்லை. தவக்கால வெள்ளி என்பதால் மாலைச் சிலுவைப்பாதையோடு தியானத்தை முடிக்கவும் வசதி. நாட்டுப்படகு வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விசைப்படகு போகாத நாட்களில்தான் அவர்கள் கடலில் இருப்பார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். நீர் நன்றாக வற்றும் அந்த நாட்களில்தான் அவர்களுக்குக் கூலி. எனவே தேதி குறிக்கும் கூட்டத்தில் இந்த மூன்று வகை வீடுகளிலிருந்தும் ஒவ்வொருவர் இருக்க வேண்டும். பங்குத்தந்தையும் தலைவியும் மட்டும் உட்கார்ந்து குறிக்கும் தேதிதான் பெரும்பாலும் தவறிப் போகிறது.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்று அப்போது தியானம் வைப்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் அந்த 61 நாளும் வீட்டில் காசு இருக்காது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால், ஏழைப் பெண் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவாள். அப்போது கைகொடுப்பது பழைய பிடி அரிசி வழக்கம்: வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது. ஒரு பிடி சுமார் 40 கிராம். 40 வீட்டில் நாலு நாள் எடுத்து வைத்தாலே ஆறு கிலோவுக்கு மேல் சேரும். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அது போதும்.

காலையில் ஒன்று, மதியத்துக்கு முன் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று மூன்று பிரசங்கம் வைக்கிறோம். மூன்றாவதில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?
*மாதா சபைச் செயலாளர், பாம்பன்*

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பழகிய உடம்பு மதியம் தூங்கத்தான் செய்யும். மூன்றாவது பிரசங்கத்தை எடுத்துவிடுங்கள். மீதி இரண்டையும் 25 நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு 40 நிமிடம் மௌனம். தியானம் நடப்பது அந்த 40 நிமிடத்தில்தான். பேச வருகிற குருவிடமோ அருள்சகோதரியிடமோ இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பேச்சு ஒரு மணி நேரம் போகும், மௌனம் பத்து நிமிடமாகச் சுருங்கும்.

9.30க்கு முதல் பேச்சு, பின் மௌனம். 10.40க்குத் தேநீர். 11 மணிக்கு இரண்டாவது பேச்சு, மறுபடி மௌனம். 12.30க்குச் சாப்பாடு. 2 மணி வரை பாய் விரித்துப் படுக்கட்டும், யாரும் எழுப்ப வேண்டாம். பிறகு ஒரு மணி நேரம் சிறு குழுப் பகிர்வு, 3.30க்குத் திருப்பலி.

ஒப்புரவுக்கு, அதாவது குருவிடம் தனியே பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு, நேரம் ஒதுக்கத் தவறுவதால்தான் பல இடங்களில் எல்லாமே பிந்துகிறது. 30 பேர், ஆளுக்கு நாலு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். ஒரே குரு மதியத்துக்குப் பிறகு ஆரம்பித்தால் திருப்பலி ஐந்தரைக்குத் தள்ளிப் போகும், வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்குப் பாதியில் எழுந்து போவார்கள். இரண்டு குருக்களை அழையுங்கள். காலை மௌன நேரத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

மௌனத்தில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் பெண்கள் பேசத் தொடங்குகிறார்கள். கையில் ஏதாவது கொடுங்கள். யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தின் முதல் 14 வசனங்கள் இந்தக் கரைக்கென்றே எழுதியதுபோல இருக்கும். இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் இல்லை, விடியலில் கரையில் ஒருவர், வலப்பக்கம் போடச் சொல்கிறார், 153 மீன், கரியடுப்பில் மீனும் அப்பமும். சபையில் நன்றாக வாசிக்கும் ஒருவர் இதை மெதுவாக மூன்று முறை வாசிக்கட்டும். முதல் முறை சும்மா கேட்பது. இரண்டாம் முறை மனதில் ஒட்டிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வது. மூன்றாம் முறை அந்தச் சொல்லை வைத்தே ஆண்டவரிடம் பேசுவது. வாசிப்புக்கு இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். அச்சடித்த தாள் வேண்டாம். எழுத்துத் தெரியாத பாட்டிமார் அங்கேயே ஒதுங்கிப் போவார்கள். மௌனத்துக்குக் கொண்டுபோக ஒரே ஒரு கேள்வி போதும்: வெறும் வலையோடு நான் கரைக்கு வந்த நாள் எது? ஐந்து கேள்வி கொடுத்தால் பரீட்சை எழுதுவதுபோல ஆகிவிடும்.

40 பேருக்குச் சாப்பாடு, தண்ணீர் எவ்வளவு?
*ஒரு வாசகி, மண்டபம்*

மதியத்துக்கு அரிசி ஆறு கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ. காலைக் கஞ்சிக்கு இரண்டு கிலோ அரிசி, 400 கிராம் பாசிப்பருப்பு, அரிசி அளந்த படியால் ஒரு படிக்கு எட்டுப் படி தண்ணீர். ஒரு வேளைத் தேநீருக்குப் பால் இரண்டரை லிட்டர், தண்ணீர் ஒன்றரை லிட்டர், தூள் 100 கிராம். குடிநீர் தலைக்கு மூன்று லிட்டர் வைத்து 20 லிட்டர் கேன் ஆறு. கை கழுவ, பாத்திரம் கழுவ வேறு தண்ணீர். கேனுக்கு முதல் நாளே சொல்லி இறக்கி வையுங்கள். சமையலுக்குச் சபைப் பெண்களையே நிறுத்தாதீர்கள். அவர்களும் தியானத்துக்கு வந்தவர்கள்தான். பக்கத்து அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) நாலு பேரைக் கேளுங்கள். அவர்கள் தியானத்துக்கு நீங்கள் சமைத்துக் கொடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் நிறைவாகச் சாப்பிடும் நோன்பு) இருந்தே தீருவேன் என்கிறார்கள். போன வருடம் ஒருவர் மயங்கி விழுந்தார்.
*ஒரு வாசகி, தொண்டி*

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு, அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். மற்றத் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்த்தால் போதும். நோயாளிக்கு அந்தக் கடமை இல்லவே இல்லை. இதைத் தலைவி சொன்னால் கேட்க மாட்டார்கள். குருவே காலையில் எல்லார் முன்பும் சொல்ல வேண்டும்; அப்போதுதான் சாப்பிடுகிறவருக்குக் கூச்சம் இருக்காது.

சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதுதான் மிக ஆபத்து. வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் கஞ்சி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

பகிர்வுக் குழுவில் ஒரு பெண் கணவர் அடிப்பதைச் சொல்லி அழுதார். மறுநாள் தெரு முழுக்க அதே பேச்சு. இப்போது அவர் கோவிலுக்கே வருவதில்லை.
*பெயர் வேண்டாம், ராமேசுவரம் தீவு*

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எளிதில் கடந்து போக முடியவில்லை. முதலில் அந்தச் சகோதரியிடம் போங்கள். கூட்டமாக வேண்டாம், அவர் நம்பும் ஒருவர் மட்டும். "சொன்னது உன் தப்பில்லை, வெளியே கொண்டுபோனது எங்கள் தப்பு" என்று சபையின் சார்பில் சொல்லுங்கள். அடி தொடர்ந்தால் 181 பெண்கள் உதவி எண்ணை அவருக்குச் சொல்லுங்கள், அழைக்கும்போது பக்கத்தில் இருங்கள். "பொறுத்துப் போ, செபம் பண்ணு" என்று அனுப்பிவிடாதீர்கள். செபத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இனி நடத்தும் முறை. ஒப்புரவில் கேட்டதை வெளியே சொல்லாதபடி குருவைக் கட்டும் முத்திரை உண்டு. பகிர்வுக் குழுவுக்கு அந்த முத்திரை கிடையாது. பெண்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் மனதைத் திறக்கிறார்கள். தொடங்கும்போதே இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். பகிர்வு என்பது அந்த இறைவசனம் என்னுள் என்ன செய்தது என்பது மட்டும். வீட்டு விவகாரம் முழுவதையும் அங்கே விரிக்கத் தேவையில்லை.

குழுவுக்கு ஏழெட்டுப் பேர். ஒரே தெரு, மாமியார் மருமகள், நாத்தனார், ஒரே மகளிர் குழுவில் கடன் வாங்கியவர்கள் ஒன்றாக உட்கார வேண்டாம். பட்டியலை முதல் நாளே போட்டுவிட்டால் அந்த நேரத்தில் இழுபறி வராது. ஆளுக்கு மூன்று நிமிடம். பேச விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒருவர் பேசி முடித்ததும் அறிவுரை, ஆறுதல், "எனக்கும் இப்படித்தான்" எதுவும் வேண்டாம், ஒரு அருள்நிறை மந்திரம் ("அருள் நிறைந்த மரியே" செபம்) மட்டும். கைப்பேசிகள் வாசலில் ஒரு கூடையில். குழுவை நடத்துபவர் பக்கத்துப் பங்கிலிருந்து வந்தால் நல்லது.

யாராவது உடைந்து அழுதால் நடத்துபவர் குழுவை அங்கேயே நிறுத்தி, அவரைத் தனியே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கட்டும். மற்றவர்கள் செபமாலையில் பத்து மணிகளை மட்டும் சொல்லலாம். கடலில் கணவனை இழந்தவர்களும், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு வீட்டுக்காரர் சிறையில் இருப்பவர்களும் உள்ள கரை இது. ஒவ்வொரு தியானத்திலும் இப்படி ஒருவராவது இருப்பார் என்று எண்ணி, அமைதியான ஓர் அறையையும், கேட்கத் தெரிந்த ஓர் அருள்சகோதரியையும் அன்று முழுவதும் வேறு வேலை கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள்.