பீப்பாயின் மணம், புட்டிக்குள்: வாசகர் கேள்வி பதில்

ரம், காக்னாக் (பிரெஞ்சு பிராந்தி) வாசனை என்று விற்கும் செண்ட்டுகளில் உண்மையிலேயே மது கலக்கிறார்களா? – வாசகி, திருச்சி

பெரும்பாலும் இல்லை. ஆல்கஹால் இருக்கும், ஆனால் எல்லா ஸ்பிரே செண்ட்டிலும் இருக்கிற அதே மணமற்ற எத்தனால்தான் அது. நாம் ‘பழைய மது வாசனை’ என்று சொல்வதில் பெரும்பங்கு ஓக் பீப்பாயின் வாசனை. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகிறது. கிராம்பு மணம் தரும் யூஜினால், தேங்காய் சாயலுள்ள ‘விஸ்கி லாக்டோன்’ ஆகியவையும் மரத்திலிருந்தே வருபவை. ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்கும்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். அதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். காக்னாக் தயாரிக்கும் ஹென்னெஸி குடும்பத்து வாரிசான கிலியன் ஹென்னெஸி 2020-இல் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ செண்ட்டுக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.

வீட்டில் மீந்த பிராந்தியிலேயே எண்ணெய்களைக் கலந்துவிடலாமா? – வாசகர், கோவை

கூடாது. இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், மீதி ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். எண்ணெய் அதில் கரையாது. பால் போல வெளுத்து, மேலே மிதக்கும். சானிடைசரும் உதவாது, அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுக்கும். வாசனைத் தயாரிப்புக்கென்றே விற்கும் 95 சதவீத எத்தனால் வேண்டும். மெத்தனால் பக்கமே போகாதீர்கள், அது விஷம்.

வெதுவெதுப்பான, ஆண் பெண் இருவரும் பூசக்கூடிய ஒரு கலவைக்கு அளவு தர முடியுமா? – வாசகி, மதுரை

உங்கள் ஊர்ப் பூக்கடையில் இருக்கிற மரிக்கொழுந்திலிருந்தே தொடங்கலாம். பூத்த செடியை வடித்தெடுக்கும் எண்ணெய்க்குத் தவனம் என்று பெயர். பச்சைத் தழையின் மணம் வேறு. எண்ணெயிலோ, ஊறவைத்த உலர்திராட்சை, ரம் ஆகியவற்றின் சாயல் வரும். வெளிநாட்டு வாசனைக் கலைஞர்கள் மதுச் சாயலுக்குத் தேடிப் பிடிக்கும் சரக்கு இது.

0.01 கிராம் காட்டும் தராசு அவசியம். சொட்டுக் கணக்கு ஏமாற்றும். வீரியமான சரக்குகளை முதலில் எத்தனாலில் 10 சதவீதக் கரைசலாக்கிக்கொள்ளுங்கள் (1 கிராமுக்கு 9 கிராம்; கீழே அளவு சொல்லாமல் ‘கரைசல்’ என்று வருவதெல்லாம் இதுதான்).

முதலில் மரம்: வர்ஜீனியா செடார் எண்ணெய் 1.20 கிராம், வெட்டிவேர் எண்ணெய் 0.20, கோரைக்கிழங்கு எண்ணெய் 0.05. அடுத்து அடித்தளம்: சாம்பிராணிப் பிசின் 50 சதவீதக் கரைசல் 1.20, வெனிலின் கரைசல் 0.80, கூமரின் (உலர்ந்த வைக்கோல் மணம் தருவது) கரைசல் 0.60, லாப்டனம் (ஒரு செடியின் பிசின்) கரைசல் 0.15. பிறகு மதுச் சாயல்: தவனக் கரைசல் 0.60, காக்னாக் எண்ணெய்க் கரைசல் 0.15. கடைசியில் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் 0.85, பட்டை எண்ணெய்க் கரைசல் 0.15, ஜாதிக்காய் எண்ணெய் 0.05. மொத்தம் 6 கிராம். இதில் கரைசல்களின் எத்தனாலைக் கழித்தால் மணப்பொருள் 3.2 கிராம்தான். 24 கிராம் எத்தனால் சேர்த்தால் 30 கிராம் செண்ட், வீரியம் ஏறக்குறைய 11 சதவீதம். குறைவு என்று தோன்றலாம்; நம் ஊர் வெயிலுக்கு இது போதும்.

காக்னாக் எண்ணெய் என்பது ஒயின் தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை வடித்து எடுப்பது. தனியாக முகர்ந்தால் முகம் சுளிப்பீர்கள். துளி அளவில்தான் அழகு. சாம்பிராணி என்றதும் கம்ப்யூட்டர் சாம்பிராணியை உடைத்துப் போடாதீர்கள், அதில் கரித்தூள் இருக்கும்.

எண்ணெய்க் கலவையை மட்டும் 2 வாரம், எத்தனால் சேர்த்தபின் 4 வாரம், இருட்டில் வையுங்கள். பிறகு 2 நாள் ஃப்ரிட்ஜில் குளிர்வித்து, குளிர்ச்சி போகுமுன் காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டுங்கள். முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்த பிறகே பூசத் தொடங்க வேண்டும். பட்டை எண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இது சொந்த உபயோகத்துக்கான அளவு. விற்பதற்கென்றால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும்.

நான் செய்தது பாயச வாசனை அடிக்கிறது. இன்னொரு புட்டி கலங்கிவிட்டது. – வாசகர், ஈரோடு

பாயசம் என்றால் வெனிலினும் பட்டையும் மிஞ்சிவிட்டன. அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது; செடாரும் வெட்டிவேரும் சிறிது சிறிதாகக் கூட்டி, 3 நாளுக்கு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மரத்தின் உலர்ந்த கசப்பு இல்லாவிட்டால் மது தெரியாது, இனிப்புப் பண்டம்தான் தெரியும். ஜாம் அல்லது இருமல் மருந்து போல இருந்தால் தவனம் அதிகம். சில மாதம் கழித்து டர்பன்டைன் நெடி வந்தால் ஆரஞ்சு எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கிறது. பாதி காலியான பெரிய புட்டியில் வைப்பதே அதற்கு முக்கியக் காரணம், சிறிய புட்டிக்கு மாற்றுங்கள்.

கலங்கலுக்குக் காரணம் இரண்டு. பிசினிலுள்ள மெழுகு என்றால் குளிர்வித்து வடிகட்டினால் தெளியும். எத்தனாலில் தண்ணீர் அதிகம் என்றால் வடிகட்டிப் பயனில்லை. தண்ணீர் குறைந்த நல்ல எத்தனால் சேர்த்து ஆல்கஹால் சதவீதத்தை ஏற்ற வேண்டும்.

நிறம் பழுப்பாகிவிட்டது, கெட்டுவிட்டதா? – வாசகி, நாகர்கோவில்

இல்லை. வெனிலின் நாளாக ஆகக் கறுக்கும். மணம் சரியாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் வெள்ளை வேட்டி, பட்டுப் புடவையில் அடித்தால் கறை போகாது. தோலில் மட்டும் அடியுங்கள். பகல் வெயிலில் 1 ஸ்பிரே, மழைக்கால இரவில் 3.