ஊசியின் பெயர் கடைசியில் வரட்டும்

கேள்வி: எனக்கு 27 வயது. 16 வயதில் தொடங்கிய முகப்பரு, இரண்டு கன்னங்களிலும் குழிகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இப்போதும் மாதவிலக்கை ஒட்டித் தாடையில் இரண்டு மூன்று பருக்கள் வருகின்றன. ஒரு கிளினிக்கில் ஐந்து நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டு, "சால்மன் மீன் டிஎன்ஏ ஊசி 4 தடவை போட்டால் தோல் புதிதாக வளர்ந்துவிடும்" என்றார்கள். முன்பணமும் கேட்கிறார்கள். இன்னும் 2 மாதத்தில் புது வேலையில் சேர வேண்டும். அதற்குள் சரியாகிவிடுமா? ஜன்னல் ஓரம் உட்காரவே கூசுகிறது. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஜன்னல் ஓரம் உட்காரக் கூசுகிறது என்று கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். என் மனதில் முதலில் தைத்தது அந்த வரிதான். உயிருக்கு ஆபத்தில்லாத தழும்புக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எந்த நாற்காலியில் உட்காருவது, யாரிடம் எந்தக் கன்னத்தைக் காட்டுவது என்று தினமும் யோசிக்க வைக்கிற ஒன்றைச் சின்ன விஷயம் என்று நான் நினைப்பதில்லை. நீங்கள் சிகிச்சை தேடுவது நியாயம்தான்.

அதே ஜன்னலருகே ஒரு கண்ணாடியோடு உட்காருங்கள். முதலில் வெளிச்சம் நேராக முகத்தில் விழட்டும். அப்போது தெரிகிற சிவப்பும் பழுப்பும் பரு விட்டுப்போன நிறக்கறைகள். தடவினால் தோல் சமமாகவே இருக்கும். இவை தழும்பு கிடையாது. வெயிலிலிருந்து காத்துக்கொண்டால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும், ஊசி தேவையில்லை. இப்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திரும்புங்கள். குழிகள் பளிச்சென்று தெரியும். கண்ணில் படுவது குழியின் விளிம்பு உள்ளே விழவைக்கும் நிழல். அதனால்தான் ஜன்னல் ஓரம் உங்களுக்கு அவ்வளவு கொடுமையாக இருக்கிறது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். இரண்டு விரல்களால் கன்னத்தை மெதுவாக இழுங்கள். சில பள்ளங்கள் இழுத்ததும் காணாமல் போகும். சில அப்படியே நிற்கும். இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

பள்ளமான பருத்தழும்புகளை மூன்றாகப் பிரிக்கும் முறை 2001-லிருந்து பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஐஸ்பிக் என்பது ஊசியால் குத்தியதுபோல் வாய் சிறுத்து ஆழமாக இறங்கும் துளை. அகலம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பாக்ஸ்கார் என்பது சுவர் செங்குத்தாக நிற்கும் பள்ளம், அம்மைத் தழும்பை நினைவூட்டும். ரோலிங் என்பது அகலமாக, கரை மழுங்கி, தோலே அலையலையாக இருப்பது; இழுத்ததும் காணாமல் போவது பெரும்பாலும் இதுதான். பெரும்பாலான முகங்களில் மூன்றும் கலந்தே இருக்கும். ஒவ்வொன்றும் உருவாகும் விதம் வேறு என்பதால் மருத்துவமும் வேறு. ஐந்து நிமிடத்தில், கன்னத்தை இழுத்துக்கூடப் பார்க்காமல் ஓர் ஊசியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்றால், அவர்கள் பார்த்தது உங்கள் தழும்பை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த மீன் ஊசிக்கு வருவோம். அது ஏமாற்று மருந்து இல்லை. சால்மன் அல்லது ட்ரவுட் வகை மீன்களின் விந்தணுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, புரதங்களை நீக்கிச் சுத்திகரித்து, சிறு சிறு துண்டுகளாக்கித் தயாரிப்பது. பாலிநியூக்ளியோடைடு என்றும், இன்னும் சிறிய துண்டுகள் கொண்டதைப் பிடிஆர்என் என்றும் சொல்வார்கள். மீனின் மரபணு உங்கள் தோலில் போய்க் கலந்துவிடாது. அந்தப் பயம் வேண்டாம். அது உள்தோலில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது. கொலாஜன் நாரை உற்பத்தி செய்யும் செல்கள் அவைதான். அழற்சியும் தணிகிறது, ஈரப்பசையும் கூடுகிறது. தோலின் சொரசொரப்பு, மேலோட்டமான சிறு பள்ளங்கள், பெரிதாகத் தெரியும் துளைகள் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதை நானும் ஏற்கிறேன். ஆனால் 'தோல் புதிதாக வளர்ந்துவிடும்' என்ற வாக்குறுதியை அந்த ஆய்வுகள் தாங்காது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரோலிங் தழும்பின் அடியில், தோலைக் கீழே உள்ள கொழுப்போடு கட்டி இழுத்துப் பிடிக்கும் நார்கள் இருக்கின்றன. மெத்தையில் தையல் போட்ட இடம் உள்ளே அமுங்கி நிற்குமே, அதே கதைதான். மேலே எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் நூல் பிடித்திருக்கும் வரை அந்த இடம் எழும்பாது. முதலில் நூலை அறுக்க வேண்டும். அதைச் செய்வதுதான் சப்சிஷன். மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, தோலுக்கு அடியில் தனி வகை ஊசியையோ முனை மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாயையோ நுழைத்து, அந்த நார்களை விடுவிப்பார்கள். 1995-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட முறை. விளம்பரங்களில் இதன் பெயரை அதிகம் பார்க்க முடியாது. ஒரு வாரம் முகத்தில் கன்றிப்போன நீலம் இருக்கும், உள்ளே சிறு முடிச்சுகள் தட்டுப்படலாம், செய்பவருக்கு முகத்தின் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பாதை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் மீறி, அலைபோன்ற தழும்புக்கு என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். நார் விடுபட்ட இடத்தில், மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஓர் ஊசி மருந்தை நிரப்புவது அடுத்த படி. ஊசிகளின் உண்மையான இடம் அங்கேதான்.

அந்த இடத்தில் போடக்கூடியவை பல. ஹையலூரானிக் அமில ஜெல் உடனே பள்ளத்தைத் தூக்கும். சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேல் வரை நிற்கும். பிடிக்கவில்லை என்றால் ஹையலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். முதல் தடவை செய்துகொள்பவர்களுக்கு நான் இதன் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம். பாலி-எல்-லாக்டிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் போன்றவை வேறு ரகம். அவற்றின் நுண்துகள்கள் உடலைச் சீண்டி மெல்ல மெல்லக் கொலாஜன் கட்ட வைக்கும். பலன் மாதக்கணக்கில் தெரியும், நீண்ட நாள் நிற்கும்; தவறான ஆழத்தில் போட்டால் முடிச்சு விழும், கரைக்க மருந்தில்லை. பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக்கின் நுண்கோளங்களை மாட்டுக் கொலாஜனில் கலந்த ஒரு ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஊசி மருந்து, இருக்கிறது. இழுத்தால் மறைகிற கன்னத் தழும்புகளுக்கென்றே, 21 வயதைக் கடந்தவர்களுக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறது. முன்கூட்டியே ஒவ்வாமைச் சோதனை செய்ய வேண்டும். போட்டால் போட்டதுதான், நிரந்தரம். 27 வயதில் நிரந்தரமான எதையும் முதல் முயற்சியாக எடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். முகம் மாறும், ஃபில்லர் மாறாது.

பிஆர்பி பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்துத் திரும்பச் செலுத்துவது. நுண்ணூசிகளால் தோலில் சிறு துளைகள் இடும் மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்துச் செய்தால், நீட்லிங் மட்டும் செய்வதைவிடப் பலன் கூடுவதாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயமும் குறைவு. எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்ணிய பைகள்) என்ற பெயரில் ஊசி போடுகிறோம் என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எந்த எக்ஸோசோம் தயாரிப்புக்கும் ஒப்புதல் தராத நிலையில் 2019-லேயே எச்சரிக்கை விடுத்தது.

ஐஸ்பிக் துளைகளுக்கு மேலே சொன்ன ஊசிகள் எதுவும் பெரிதாக உதவாது. வாய் குறுகிய துளையில் அடியிலிருந்து நிரப்பினால் சுற்றியுள்ள தோல்தான் மேடாகும். அதற்கு டிசிஏ கிராஸ் என்ற முறை உண்டு: அடர்த்தியான டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் குச்சி முனையால் துளைக்குள் மட்டும் தொட்டு வைப்பார்கள். இல்லையென்றால் துளையைச் சிறு வட்டமாக வெட்டியெடுத்துத் தையல் போடுவார்கள். அமிலத்தை வீட்டில் முயல்வது மட்டும் ஒருபோதும் கூடாது.

மாநிறமோ கருநிறமோ கொண்ட தோலுக்கு ஊசி முறைகளில் ஒரு நன்மை இருக்கிறது. மேல்தோலைச் சுடும் லேசரும், அமிலத்தால் தோலை உரிக்கும் ஆழமான பீலும் விட்டுச்செல்லக்கூடிய கருமை, அடியில் போடும் ஊசியில் குறைவு. கன்றிய இடம் சில வாரம் பழுப்பாக நிற்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஃபில்லர் வகை எதிலும் ஓர் ஆபத்து உண்டு, அரிது என்றாலும் சொல்லாமல் விட மாட்டேன். மருந்து ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்தால் அந்தப் பகுதித் தோல் செத்துப்போகலாம். மிக அரிதாகப் பார்வையே போகலாம். ஊசி போட்டதும் தோல் வெளிறுவது, போகப்போக வலி ஏறுவது, வலை போட்டதுபோல் நீலம் பரவுவது, கண் மங்குவது இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆகவே போகும் இடத்தில் "ஹையலூரானிடேஸ் இங்கே கைவசம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தச் சொல்லையே தெரியாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். ஊசி போடப்போவது தோல் மருத்துவரா, வேறு யாராவதா என்றும், மருந்துக் குப்பியை உங்கள் முன்னால் உடைப்பார்களா என்றும் கேளுங்கள். மீன் ஒவ்வாமை, தழும்பு மேடாகத் தடித்து வளரும் கீலாய்டு வாகு, உதட்டில் அடிக்கடி வரும் ஹெர்பிஸ் கொப்புளம், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை இவற்றில் எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தாடையில் இன்னும் பரு வருகிறது என்கிறீர்களே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் குழியைத் தூக்கிக்கொண்டே மறுபக்கம் புதுக் குழி விழவிட்டால் அலுப்புதான் மிஞ்சும். மாதவிலக்கை ஒட்டி வருவதால் ஹார்மோன் சார்ந்ததா என்று பார்த்து அதற்கேற்ற மருந்து தருவார்கள். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிட்டிருந்தால், எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தோலைச் சீவும் சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்ய அது தேவைப்படும்.

2 மாதத்தில் சரியாகுமா என்றால், ஆகாது. கொலாஜன் அவசரத்துக்குக் கட்டுப்படாது. முதலில் பலவீனமான நாராக விழுந்து, பிறகுதான் உறுதியான நாராக மாறும். நல்ல பலனைக் காண 3 முதல் 6 மாதம் ஆகும், பெரும்பாலும் பல அமர்வுகளும் வேண்டியிருக்கும். முடிவிலும் பள்ளங்கள் ஆழம் குறையுமே தவிர, பரு வராத முகம் திரும்பாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் பாதியானாலே எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தழும்பு பெரும்பாலும் படாது. பலர் அத்தோடு நிறைவாக நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த 2 மாதத்துக்கும் வேலை இருக்கிறது. பருவுக்கு மருந்து தொடங்குங்கள். தினமும் காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மருத்துவர் சொன்னால் இரவில் அடபலீன் போன்ற ஒரு ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்து. நிறக்கறை மங்கினாலே முகம் ஒரு படி தெளியும், புது வேலைக்குப் போகும்போது அது கூடவே வரும். வேலையில் சேரும் வாரத்தில் எந்த ஊசியும் வேண்டாம். வீக்கத்தோடும் கன்றலோடும் முதல் நாள் போக வேண்டியிருக்கும்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். அதே ஜன்னல், அதே நேரம், அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் மேக்கப் இல்லாமல் இரண்டு கன்னத்தையும் படமெடுத்து வையுங்கள். ஒரு தோல் மருத்துவரிடம் அதைக் காட்டி, "இதில் எது ரோலிங், எது பாக்ஸ்கார், எது ஐஸ்பிக்?" என்று கேளுங்கள். அவர் விரலால் கன்னத்தை இழுத்துப் பார்த்துப் பதில் சொன்னால், மீன் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 6 மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்து எனக்கும் எழுதுங்கள்.