புதிய செயின் பூட்டிய பிறகு ஏன் துள்ளுகிறது? துவிச்சக்கர வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காலி வீதியின் நெரிசலுக்கு அஞ்சி, எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில், பின் சில்லைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைப் பூட்டும் வகை ட்ரெயினர் ஒன்றை வைத்து இரண்டு ஆண்டுகளாக மிதித்து வருகிறேன். பதினொரு கியர் கொண்ட சைக்கிள். சென்ற மாதம் செயினைப் புதிதாக மாற்றினேன். அன்றிலிருந்து பலமாக மிதிக்கும்போது நடுவிலுள்ள இரண்டு கியர்களில் மட்டும் செயின் 'டக்' என்று துள்ளுகிறது. ட்ரெயினரே பழுதாகிவிட்டது, புதியது வாங்குங்கள் என்று கடையொன்றில் கூறினார்கள். அது சரியா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து புதிய ட்ரெயினர் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: இரண்டு கியர்களில் மட்டும் துள்ளுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பற்சில்லுகள் அமரும், முன்னோக்கி மட்டும் பிடித்துச் சுழற்றும் உருளையான ஃப்ரீஹப்பின் பிடிநாக்குகள் தேய்ந்து வழுக்கினால் அது எல்லாக் கியரிலும் ஒரேமாதிரித் தெரியும். செயினில் ஒரு கண்ணி மட்டும் இறுகிப்போயிருந்தால், செயின் ஒரு முழுச்சுற்று வரும் ஒவ்வொரு முறையும் துள்ளும். குறிப்பிட்ட கியரில் மட்டும் துள்ளினால் தேய்ந்திருப்பது அந்தப் பற்சில்லுதான்.

புதிய செயினில் கண்ணிகளை இணைக்கும் ஊசியான ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மில்லிமீற்றர் இருக்கும். 24 இடைவெளிகளை அளந்தால் 304.8 மில்லிமீற்றர் வரும். மிதிக்க மிதிக்கப் பின்கள் தேய்வதால் அதே நீளம் மெல்லக் கூடும். பதினொரு கியர்ச் செயின் 0.5 சதவீதம் நீண்டதும், அதாவது அந்த அளவு ஏறத்தாழ 306.3 மில்லிமீற்றரைத் தொட்டதும், அதை மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஓட்டினால், நீண்ட செயினுக்கு ஏற்றபடி பற்களும் தேய்ந்து அதனுடன் பொருந்திவிடும். அதனால்தான் பழைய செயின் இருந்தவரை உங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சரியான இடைவெளி கொண்ட புதிய செயின் வந்ததும் தேய்ந்த பற்கள் அதைப் பிடிக்க முடியாமல் நழுவவிடுகின்றன. வீட்டுக்குள் மிதிப்பவர்களுக்கு இது இன்னும் விரைவாக நேர்கிறது. ட்ரெயினர் தானே எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் 'எர்க்' முறையில் கியரை மாற்ற வேண்டிய தேவையே இல்லாததால், பலர் மணிக்கணக்கில் ஒரே பற்சில்லில் மிதிக்கிறார்கள். அந்த ஒன்று கூர்ந்துபோகிறது, மற்றவை புதிதாகவே இருக்கின்றன.

ஆகவே மாற்றவேண்டியது கசெற், அதாவது பின்பக்கப் பற்சில்லுகளின் தொகுதி மட்டுமே. வெளியே ஓட்டும் சில்லில் உள்ள அதே பல் எண்ணிக்கையில் வாங்குங்கள். பெரிய பற்சில்லு கொண்ட கசெற்றை எடுத்தால் செயினின் நீளத்தையும் செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டிரெய்லியரின் வரம்பையும் மறுபடி பார்க்க நேரிடும்.

கழற்றுவதற்கு இரண்டு கருவிகள் வேண்டும்: பற்சில்லைச் சுழலாமல் பிடிக்கும் செயின் விப், கசெற்றை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையமான லொக்றிங்கின் உட்பற்களில் அமரும் சாவி. செயின் விப்பைப் பெரிய பற்சில்லில் மாட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, லொக்றிங்கை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். முதலில் 'கரகர' என்று ஒலி எழும். அது பூட்டும் வரிகள் விடுபடும் ஒலி, எதுவும் உடைந்துவிடவில்லை.

கடற்கரைப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் இங்கே கவனமாக இருக்கவேண்டும். எனது ட்ரெயினரும் ஒரு மழைக்காலம் முழுவதும் பல்கனியில் இருந்தது. லொக்றிங்கைத் திறக்கப் போனபோது அது அசையவே இல்லை. வியர்வையின் உப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து வரிகளுக்குள் வெண்பொடியாக உறைந்திருந்தன. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சாவியின் பிடியை நீளமாக்கிய பிறகே திறந்தது. உள்ளே பற்சில்லுகளின் இரும்பு, ஃப்ரீஹப்பின் அலுமினிய வரிகளில் நகக்குறி போலப் பதிந்திருந்தது. அப்படிப் பதிந்திருந்தால் மெல்லிய அரத்தால் மேட்டை மட்டும் தேய்த்துச் சமப்படுத்துங்கள், வரியையே குறைத்துவிடாதீர்கள்.

துடைத்த ஃப்ரீஹப்பின் மீது மிக மெல்லியதாகக் கிறீஸ் பூசுங்கள். வரிகளில் ஒன்று மற்றவற்றிலிருந்து அகலத்தில் வேறுபட்டிருப்பதால் பற்சில்லுகள் ஒரே ஒரு முறையில்தான் உள்ளே செல்லும். செல்லவில்லையென்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். பதினொரு கியர் வீதிச் சைக்கிள் கசெற்றுக்குப் பொதுவாகப் பின்னால் இடைவெளியை நிரப்பும் வளையம் தேவையில்லை. ஆனால் 11 முதல் 34 பற்கள் வரையுள்ள ஷிமானோ கசெற்றை வாங்கினால், அதனுடன் வரும் 1.85 மில்லிமீற்றர் வளையத்தை முதலில் உள்ளே போட மறக்கவேண்டாம். லொக்றிங்கை 40 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். வாகனக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சாதாரண டோர்க் ஸ்பானரே இதற்குப் போதும். இறுக்கிய பின் பற்சில்லுகளை விரல்களால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் ஒரு வளையம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அப்படியே மிதித்தால் ஃப்ரீஹப்தான் சேதமடையும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் கியர் மாறும்போது சற்று உராயலாம். உங்கள் சில்லிலும் ட்ரெயினரிலும் கசெற் அமரும் இடம் மயிரிழையளவு வேறுபடுவதே காரணம். டிரெய்லியரின் வயர் செல்லும் இடத்திலுள்ள திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். டிரெய்லியர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று வரையறுக்கும் எல்லைத் திருகுகளை வீணாகத் தொடவேண்டாம்.

கேள்வி: எனது புதிய சைக்கிள் பன்னிரண்டு கியர் கொண்டது. பழைய ட்ரெயினரில் பொருந்துமா?
வாசகர், தெஹிவளை

பதில்: எந்த நிறுவனத்தின் பன்னிரண்டு கியர் என்பதே கேள்வி. ஷிமானோவின் வீதிச் சைக்கிள் பன்னிரண்டு கியர்க் கசெற், பதினொரு கியருக்கான பழைய ஃப்ரீஹப்பிலேயே அமரும். அதே நிறுவனத்தின் மலைச் சைக்கிள் பன்னிரண்டு கியருக்கு 'மைக்ரோ ஸ்பிளைன்' என்ற வேறு ஃப்ரீஹப் உடல் வேண்டும். ஸ்ராம் வீதிச் சைக்கிள் என்றால் பெரும்பாலும் 'எக்ஸ்டிஆர்' (XDR) உடல் தேவைப்படும். பல ட்ரெயினர்களில் வலப்பக்க மூடியைக் கழற்றினால் ஃப்ரீஹப் உடல் கையோடு வந்துவிடும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள், ஏனெனில் பிடிநாக்குகளைத் தள்ளும் சிறு ஸ்பிரிங்குகள் தெறித்து விழுந்தால் தேடிக் கண்டெடுப்பது கடினம்.

கேள்வி: வீட்டுக்குள் மிதிக்கும்போது தூசி இல்லையே, செயினுக்கு எண்ணெய் விடத்தான் வேண்டுமா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கட்டாயம் விடவேண்டும், அம்மா. வெளியே காற்று வியர்வையை உலர்த்திவிடுகிறது. வீட்டுக்குள் அது சொட்டுச் சொட்டாக முன் கைப்பிடித் தண்டின் ஆணிகளிலும் சட்டகத்திலும் விழுந்து, அங்கேயே உப்பாகக் காய்கிறது. கைப்பிடியின் மேல் ஒரு துவாயை விரித்துவிடுங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். மிதித்து முடித்ததும் ஈரத்துணியால் சட்டகத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் செயினை ஒருமுறை ஓடவிட்டுத் துடையுங்கள். எண்ணெயை ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரு துளியாக, செயினின் உட்பக்கத்தில் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்தெடுங்கள்.