மகளுக்குப் பட்டா கிடையாது

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை விவசாயம் செய்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு என் அக்காள் மகனையே பேசி முடித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டேன். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லி, சமூக நலத்துறையினர் போலீஸ் ஜீப்பில் வந்து, 18 வயது முடியாமல் திருமணம் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிச் சென்றார்கள். மகள்தான் சொல்லியிருப்பாள் என்று சந்தேகம். பெற்றவனுக்கு இல்லாத உரிமை அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: ஐயா, அடித்த பத்திரிகையைப் பீரோவில் பூட்டி வைப்பதன் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஊரெங்கும் செய்த மொய் திரும்பி வரவேண்டிய விசேஷம் நின்றால், நம் பக்கத்தில் கல்யாணத்தோடு வரவுசெலவும் சேர்ந்தே நின்றுவிடும். தெருவே பார்க்க ஜீப்பை வாசலில் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்தச் சாமியைக் கும்பிடச் சொல்வது என்று எந்த அதிகாரியும் உங்களிடம் கேட்டதில்லை. மல்லிகையைப் பிடுங்கிவிட்டுக் கரும்பு போடவும் நீங்கள் யாரையும் கேட்க வேண்டாம். நிலத்தின் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. மகளுக்குப் பட்டா கிடையாது. பிற்பாடு அவள் நினைத்தாலும் எளிதில் மாற்ற முடியாத ஒன்றை அவளுக்காக நீங்கள் முடித்துவிடக் கூடாது என்றுதான் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயது வைத்திருக்கிறது. மீறி நடத்தினால் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெற்ற தகப்பன் என்பதற்காக விலக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் அக்காள் வருகிறார், மாப்பிள்ளை வருகிறார், பத்திரிகையும் வருகிறது. மகள் சம்மதித்தாளா என்ற ஒரு வரியைத்தான் காணோம். 1098-இல் அழைத்தவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள், நீங்களும் துருவ வேண்டாம். ஒருவேளை அவளேதான் என்றால், ஒரே கூரையின் கீழ் இருக்கும் அப்பாவிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாத ஒருவரிடம் ஏன் சொல்ல நேர்ந்தது என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது.

ஆத்திரத்தில் கை நீட்டாதீர்கள், படிப்பையும் நிறுத்தாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகட்டும். அதற்கு முன்பு அக்காள் வீட்டுக்கு நீங்களே போய், இந்தப் பேச்சை 18 வயது வரைக்கும் அல்ல, அதன் பிறகு அவளாக வாய்திறந்து சரி என்று சொல்லும் வரைக்கும் தள்ளிவைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.