பெற்றோல் மிச்சம் புடிக்கிற சாமான் வாங்கலாமா? – வண்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விசயம்தான், பெற்றோல் மிச்சம் புடிக்கும் எண்டு சொல்லி விக்கிற சாமான்கள். ஆட்டோக்காரர், வேன்காரர், கார் ஓடுற டீச்சர், வயல் வட்டைக்கு உழவு மெசின் கொண்டு போறவர் எண்டு எல்லாரும் கேட்டிருக்காங்க. அதால பிரேக், பற்றறி கேள்விகள அடுத்த இதழுக்கு வச்சிட்டு இத மட்டும் எடுக்கிறன்.

கேள்வி: அண்ணன், நான் ஆரையம்பதியில ஆட்டோ ஓடுறன். ஸ்டாண்டுக்கு ஒரு பொடியன் வந்து பெற்றோல் பைப்புல பூட்டுற காந்தம் ஒண்டு வித்தான், 4500 ரூபா, 25 வீதம் மிச்சமாம். மூண்டு பேர் பூட்டிட்டாங்க. ரெண்டு பேர் நல்லா இருக்கு எண்டுறாங்க, ஒருத்தர் ஒரு மாற்றமும் இல்ல எண்டுறார். நான் வாங்கவா, விடவா?

பதில்: வாங்காதீங்க தம்பி, அந்த 4500 ரூபா உங்கட பொக்கட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

நல்லா இருக்கு எண்டு சொல்ற ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல, அவங்களுக்கு உண்மையாவே அப்பிடித்தான் தெரியுது, அது ஏன் எண்டு விளங்கிட்டா மறுகா எந்த சாமான் வந்தாலும் நீங்களே முடிவெடுத்துக்கலாம். சல்லி குடுத்து ஒண்ட பூட்டின ஆள் அண்டைக்கே தன்ட ஓட்டத்த மாத்திடுவார், அவருக்கே தெரியாது. எக்ஸிலேட்டர மெதுவா முறுக்குவார், முன்னுக்கு பஸ் நிக்கிறது கண்டா தூரத்திலயே கைய விட்டுடுவார், ஹயர் இல்லாம சும்மா சுத்த மாட்டார். டவுனுக்குள்ள முறுக்கி முறுக்கி ஓடிப் பிரேக் அடிக்கிற ஓட்டத்தால மைலேஜ் 10 தொடங்கி 40 வீதம் வரைக்கும் குறையும் எண்டு அமெரிக்க அரசாங்கமே கணக்கு போட்டிருக்கு, அப்ப அந்த ஓட்டத்த விட்டாலே எவ்வளவு மிச்சம் வரும் எண்டு பாருங்க. அது அவங்கட கையால வந்த மிச்சம், பேர் மட்டும் காந்தத்துக்கு போகுது.

அடுத்தது அளவு. நம்மட ஆக்கள் 5 லீற்றர் அடிச்சு, ரிசேர்வ் வாற வரைக்கும் ஓடிப் பாத்துட்டு மைலேஜ் சொல்றாங்க. டேங்குக்குள்ள 300 மில்லி கூடக்குறைய நிண்டாலே அது 6 வீதம், வண்டி சரிவா நிண்டா அந்த 300 மில்லி மாறிடும். மறுகா காத்து. கச்சான் காத்து அடிக்கிற நாளையில கல்லடியில இருந்து கல்முனைப் பக்கம் ஓடிப் பாருங்க, வண்டிய புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும், திரும்பி வரக்குள்ள அதே காத்து தள்ளி விடும். ஒரு நாள் போகக்குள்ள அளந்து இன்னொரு நாள் வரக்குள்ள அளந்தா காந்தம் வேலை செஞ்ச மாதிரித்தான் தெரியும்.

காந்தத்துக்கு வருவம். பெற்றோல் எண்டுறது கார்பனும் ஹைட்ரஜனும், அதுக்குள்ள இரும்பு இல்ல. பைப்புல பூட்டின காந்தம் அதப் புடிக்கவும் மாட்டாது, பிரிக்கவும் மாட்டாது. "மூலக்கூறு கொத்துக் கொத்தா இருக்கு, காந்தம் அத உடைச்சு முழுசா எரிய வைக்குது" எண்டு சொல்லுவாங்க. எஞ்சின் சரியான கண்டிசன்ல இருந்தா 100 துளி உள்ள போனா 97, 98 துளி ஏற்கனவே எரிஞ்சிடுது. மிச்சம் இருக்கிறதே ரெண்டு மூண்டு துளி, அதுக்குள்ள 25 எங்கால வரும்? காபரேட்டர் (பெற்றோலயும் காத்தையும் கலக்கிற சாமான்) உள்ள வண்டியில இதவிடக் கூடுதலா எரியாமப் போகலாம்தான், ஆனா அது செட்டிங் பிழையால போறது, நல்ல மெக்கானிக் பாஸ் ஒருத்தர் டியூன் பண்ணினா சரிவரும். பெற்றோல்ட சக்தி வீணாகிறது எரியாம இல்ல தம்பி, எரிஞ்ச பொறகு. கிட்டத்தட்ட கால்வாசிதான் சில்லுக்கு வருது, மற்றதெல்லாம் சைலன்சராலயும் எஞ்சின் சூட்டாலயும் வெளிய போகுது, ஓடி வந்து நிப்பாட்டினதும் எஞ்சின் பக்கம் கைய கொண்டு போய்ப் பாருங்க. பைப்புல ஒட்டின காந்தத்தால அந்தச் சூட்ட திருப்பி எடுக்க ஏலாது.

இது என்ட வாய்ப்பேச்சு மட்டும் இல்ல. அமெரிக்காவில சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எண்டு ஒண்டு இருக்கு, 1970கள்ல இருந்து இப்பிடியான சாமான் 100க்கும் மேல பரிசோதிச்சுப் பாத்திருக்காங்க. சொல்லிக்கிற மாதிரி மைலேஜ் கூட்டின சாமான் ஒண்டும் இல்ல, எங்கயாவது ஒண்டு ரெண்டுல கொஞ்சம் கூடினாலும் புகை கூடியிருக்கு. டொயோட்டாக்காரன் பிரியஸ் கார் எஞ்சின்ட வினைத்திறன மூணாந் தலைமுறையில இருந்து நாலாந் தலைமுறைக்கு 38.5 வீதத்தில இருந்து 40க்கு கொண்டு வந்தத பெரிய சாதனையாச் சொன்னான். மிச்சக் கணக்கில பாத்தா கிட்டத்தட்ட 4 வீதம்தான்! அவ்வளவு பெரிய கொம்பனி 4 வீதத்துக்கு அந்தப் பாடு படக்குள்ள 4500 ரூபா காந்தம் 25 குடுக்கும் எண்டா, அந்தக் காந்தத்த ஃபக்டரியிலயே பூட்டி விட்டிருக்க மாட்டாங்களா?

உங்கட ஸ்டாண்டில ஏற்கனவே பூட்டின ஆக்கள் இருக்கிறதால ஒண்டு செய்யலாம். ஒரே பெற்றோல் செட், ஒரே பம்பு, வண்டிய ஒரே இடத்தில மட்டமா நிப்பாட்டி ஒவ்வொரு முறையும் டேங்க் கழுத்தில ஒரே அடையாளம் வரைக்கும் அடிச்சு, மீற்றர கொப்பியில எழுதுங்க. குறைஞ்சது மூண்டு டேங்க் காந்தத்தோட, மூண்டு டேங்க் காந்தம் இல்லாம, மறுகா மூண்டு டேங்க் காந்தத்தோட. முக்கியமான விசயம், பூட்டுறதும் களட்டுறதும் வேற ஆள் செய்யணும், ஓடுற ஆளுக்கு எப்ப இருக்கு எப்ப இல்ல எண்டு தெரியவே கூடாது. இதச் செஞ்சு பாத்துட்டு கொப்பிக் கணக்க எனக்கு அனுப்புங்க, வந்தது எப்பிடியோ அப்பிடியே இந்தப் பக்கத்தில போடுறன்.

கேள்வி: நான் ஓட்டமாவடி, ஹயர் வேன் ஓடுறன். தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுத்து எஞ்சினுக்கு விடுற கிட் பூட்டினா பாதிப் பெற்றோல் மிச்சம் எண்டு வீடியோவில காட்டுறாங்க காக்கா. கேஸ் வாறது கண்ணுக்கே தெரியுதே?

பதில்: கேஸ் வாறது உண்மை தம்பி, மிச்சம் வாறது பொய். இந்தக் கிட்டால எங்கட வீட்டுக்குள்ளயே ஒரு கவலை நடந்தது, அதையும் சொல்றன்.

முதல்ல கணக்கு, கறண்ட் பில் பாக்கிற எல்லாருக்கும் விளங்குற மாதிரி. ஒரு லீற்றர் பெற்றோலுக்குள்ள கிட்டத்தட்ட 9 யுனிட் சக்தி இருக்கு. உங்கட வேன் 60ல போகக்குள்ள மணித்தியாலத்துக்கு 4 லீற்றர் குடிக்குது எண்டு வைப்பம், அப்ப 36 யுனிட். இந்தக் கிட் 15 அம்பியர் எடுக்குது எண்டா 14 வோல்ட்டுக்கு மணித்தியாலத்துக்கு 0.2 யுனிட் கறண்ட், அதில பாதி சூடாப் போய் மிச்சம் 0.1 யுனிட்தான் கேஸா வரும். 36க்குப் பக்கத்தில 0.1. அந்தக் கறண்டும் சும்மா வரல்ல, ஒல்டனேட்டர் (வண்டிட ஜெனரேட்டர்) குடுக்கணும், ஒல்டனேட்டர சுத்துறது எஞ்சின், எஞ்சின சுத்துறது பெற்றோல். எஞ்சின் கால்வாசி, ஒல்டனேட்டர் பாதிக்குக் கொஞ்சம் மேல எண்டு நட்டத்த கழிச்சுப் பாத்தா, அந்த 0.1 யுனிட் கேஸ எடுக்க ஒண்டரை யுனிட் பெற்றோல் எரியுது. கிணத்தில இருந்து வாளியால இழுத்து, பாதிய வழியில ஊத்தி, மிச்சத்த அதே கிணத்துக்குள்ள விட்டுட்டு கிணறு நிறையுது எண்டு சொல்ற மாதிரி இருக்கு இது. போத்தலுக்குள்ள குமிழ் வாறதப் பாத்தா மனசு நம்பிடும், அதாலதான் விக்கிறவங்க எல்லாரும் போத்தல கண்ணாடி மாதிரி வைக்கிறாங்க.

2022ல வந்த பெற்றோல் தட்டுப்பாடு ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். ஜூன் மாசம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாக்கு போச்சு, மறுகா பெற்றோல பங்கிட்டுக் குடுக்க கியூஆர் முறை வந்து கிழமைக்கு ஆட்டோவுக்கு 5 லீற்றர், பைக்குக்கு 4 லீற்றர் எண்டு ஆரம்பிச்சாங்க. அந்த நேரம் என்ட மச்சான், வேன் ஓடித்தான் சீவியம், மூண்டு நாள் கியூவில படுத்தெழும்பினவர், ஒரு ஆள்ட்ட இந்தக் கிட்ட வாங்கிப் பூட்டினார். நான் வேணாம் எண்டு சொன்னன், ஆனா அந்த நேரத்தில அந்த மனிசன்ட முகத்தப் பாத்து கடுமையாச் சொல்ல எனக்கு வரல்ல, இப்ப நினைச்சாலும் மனசு கேக்குதில்ல. போத்தலுக்குள்ள காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணி. ஏழெட்டுக் கிழமையில வண்டி ஐட்லிங் நிக்காம துடிக்குது எண்டு கொண்டு வந்தார், காத்துக் குழாயக் களட்டினா உள்ளுக்கு வெள்ளையா உப்புப் படிஞ்ச மாதிரி, எஞ்சினுக்கு காத்து விடுற துரொட்டில் பொடிட அலுமினியம் அரிச்சு குழி குழியா விழுந்திருக்கு, தட்டு மூடக்குள்ள ஓரத்தால வெளிச்சம் தெரியுது. காஸ்டிக் அலுமினியத்த தின்னும், பானை கழுவுறவங்களுக்கே தெரியும். அந்த ஒரு சாமான் மாத்தின சிலவு கிட்ட விடக் கூட. வித்த ஆள் போன் எடுக்கல்ல.

இன்னொண்டும் சொல்லணும். ஹைட்ரஜனும் ஒட்சிசனும் சேந்து வாற கேஸ் ஒரு பொறிக்கே வெடிக்கும். எஞ்சின் ஒருக்கா பின்னடிச்சா நெருப்பு குழாயால போத்தலுக்கு ஓடும். ஸ்கூல் புள்ளைகள ஏத்துற வேன்ல இதப் பூட்டாதீங்க, கையெடுத்துக் கேக்கிறன்.

கேள்வி: சேர், கல்முனையில இருந்து எழுதுறன், டீச்சர். காருக்கு ஸ்டியரிங்குக்கு கீழ குத்துற சின்னப் பெட்டி ஒண்டு ஒன்லைன்ல வாங்கினேன். 200 கிலோமீற்றர் ஓடினா எங்கட ஓட்டத்த படிச்சு கம்பியூட்டர மாத்தும் எண்டு போட்டிருக்கு. பச்சை லைட் எல்லாம் மின்னுது. பூட்டி வச்சிருக்கலாமா?

பதில்: களட்டி வையுங்க தங்கச்சி. இதே மாதிரி ஒண்ட நான் பட்டறை மேசையில வச்சுப் பிரிச்சுப் பாத்திருக்கன், கண்டத சொல்றன். அந்தப் பெட்டி குத்துற சொக்கட்டில 16 பின் இருக்கு. 16ஆவது பின் பற்றறி கறண்ட், 4ஆவது ஏர்த், காரின்ட கம்பியூட்டரோட கதைக்கிறது 6உம் 14உம். பெட்டிக்குள்ள பெருவிரல் அளவு பலகை ஒண்டு, மூண்டு லைட், ஒரு சின்ன சிப், ரெண்டு மூண்டு ரெசிஸ்டர், ஒரு பட்டன். 6ஆவது பின்னில இருந்தும் 14ஆவது பின்னில இருந்தும் எங்கயும் கோடு போகல்ல, மீற்றர் வச்சும் பாத்தன், செத்த கம்பி. 16லயும் 4லயும் கறண்ட் எடுத்து லைட்ட மின்ன வைக்கிறது மட்டும்தான் அதின்ட வேலை, கம்பியூட்டரோட ஒரு சொல்லும் கதைக்கல்ல. எல்லாப் பெட்டியும் இப்பிடியா எண்டா, உண்மையா உள்ள போய் கலவைய மாத்துற சாமான் வந்தா அது இன்னும் மோசம், பெற்றோல கட்டாயமா குறைச்சா எஞ்சின் சூடேறி வால்வு கருகும். அந்த 200 கிலோமீற்றர் எண்டுறது நீங்க கவனமா ஓடுறதுக்கும், திருப்பிக் குடுக்கிற நாள் கடந்து போறதுக்கும் எடுக்கிற நேரம்.

கேள்வி: உடுப்புக்குள்ள போடுற நெப்தலின் உருண்டைய டேங்குக்குள்ள போட்டா பவர் கூடுமாமே? (ஏறாவூர் வாசகர்)

பதில்: போடாதீங்க. பெற்றோல்ல கரையும், பெற்றோல் காயக்குள்ள திரும்பி உறைஞ்சு காபரேட்டர்ல பெற்றோல் வாற சின்ன ஓட்டைய (ஜெட்ட) அடைக்கும்.

கேள்வி: உழவு மெசினுக்கு காத்துப் போற வழியில வைக்கிற சுழல் விசிறி டீசல் குறைக்குமா? (மண்டூர்)

பதில்: இல்ல ஐயா. டீசல் எஞ்சின் காத்த எவ்வளவு லேசா இழுக்குதோ அவ்வளவு நல்லது, நீங்க வழியில தடை வைக்கிறீங்க, கறுப்புப் புகை வரும். வட்டைக்குள்ள தூசிக்க ஓடுற மெசினுக்கு எயார் ஃபில்டர அடிக்கடி பாருங்க, அது போதும்.

கேள்வி: அப்ப உண்மையா என்னதான் செய்யலாம்? (பல பேர்)

பதில்: முதல் சொன்ன ஓட்டத்த தவிர, உண்மையான மிச்சம் எல்லாம் சின்னச் சின்ன எண், அதாலதான் ஒருத்தரும் அத விளம்பரம் போடுறதில்ல. ரயர் காத்து 1 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் 0.2 வீதம் குறையும், 10 குறைஞ்சா 2 வீதம், காத்தடிக்கிற சிலவோ ஒண்டுமில்லாதது, ரயரும் நிண்டு பிடிக்கும். காபரேட்டர் வண்டியில ஊத்தையான எயார் ஃபில்டர மாத்தினா 2 தொடங்கி 6 வீதம் வரைக்கும் கூடும், ஆனா கம்பியூட்டர் பெற்றோல பீச்சி விடுற இன்ஜெக்சன் வண்டியில அந்தக் கம்பியூட்டரே கலவைய சரிபண்ணிடும், அங்க ஃபில்டர் மாத்தினா இழுவை கூடும், மைலேஜ் பெரிசா மாறாது. இன்ஜெக்சன் வண்டியில திடீரெண்டு மைலேஜ் விழுந்தா சைலன்சர் பைப்புல இருக்கிற ஒட்சிசன் சென்சர பாருங்க, அது பழுதாகினா 40 வீதம் வரைக்கும் அடிக்கும், இந்த ஒண்டு மட்டும்தான் பெரிய எண். ஆட்டோவ ஜக்கில தூக்கி சில்ல கையால சுத்திப் பாருங்க, பிரேக் உரசினா சில்லு உடன நிண்டுடும், நான் பாத்த வண்டிகள்ல பாதிக்கு மேல பின்சில்லு ஒண்டு இப்பிடித்தான் இருக்கும். ஆளப் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள எஞ்சின நிப்பாட்டுங்க, கார் ஒண்டு சும்மா ஸ்டார்ட்டில நிண்டாலே மணித்தியாலத்துக்கு ஒண்டு, ரெண்டு லீற்றர் போகும்.

கேள்வி: ஏற்கனவே வாங்கிட்டன், கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டன் எண்டுறார். என்ன செய்ய? (அக்கரைப்பற்று)

பதில்: சாமான எறிஞ்சிடாதீங்க. பெட்டி, பில், இத்தனை வீதம் மிச்சம் எண்டு எழுதின துண்டு, விளம்பரத்த போன்ல எடுத்த படம் எல்லாத்தையும் ஒரு உறைக்குள்ள போடுங்க. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில வாங்கிறவர ஏமாத்துற மாதிரி வியாபாரம் செய்யக் கூடாது எண்டு இருக்கு. அந்த அதிகாரசபைட 1977 நம்பருக்கு போன் அடிச்சுச் சொல்லலாம், எழுத்திலயும் குடுங்க. தள்ளிப் போடாம இந்தக் கிழமையே செய்யுங்க, இதே சாமான வாங்கின மற்ற ஆக்களையும் கூட்டிட்டுப் போங்க.